பிள்ளையார் முன்னால் இரண்டு பொட்டலம்

சாரங்காவின் அப்பாவுக்கு,

போனில் சொன்னால் மகளின் காதில் விழும் என்பதால் எழுதுகிறேன்.

பூக்கட்டிப் பார்க்கச் சொன்னீர்கள். சிவப்புப் பூ வந்தால் கிளிநொச்சியிலேயே எஞ்சினியரிங், வெள்ளை வந்தால் கொழும்பில் கணினி விஞ்ஞானம். பிள்ளையார் முன்னால் வைத்த இரண்டு பொட்டலத்தில் ஒன்றை அவளே எடுத்தாள். வெள்ளை வந்தது. நேற்று விண்ணப்பத்தில் கணினியை முதல் தெரிவாகப் போட்டுவிட்டாள்.

கட்டார் வெயிலில் எஞ்சினியர்மாருக்குக் கீழே வேலை செய்கிற உங்களுக்கு, மகளும் அப்படி வர வேண்டும் என்ற ஆசை இருக்காதா? ஆனால் இரண்டு பாடத்திட்டத்தையும் அகராதி வைத்து நானே வாசித்தேன். எஞ்சினியரிங்கில் முதலில் எல்லாத் துறையும் படிக்க வேண்டும். மற்றதில் தொடக்கமே புரோகிராம்தான்.

"எனக்குப் புரோகிராம் எழுதத்தான் விருப்பம் அம்மா. சுவாமி சிவப்பைத் தந்தா என்ன செய்யிறது?" என்று பூக்கட்டுவதற்கு முதல்நாள் இரவு கேட்டாள்.

"தரமாட்டார். பேசாமல் படு."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? சுவாமி உங்களோட மட்டும் கதைக்கிறவரோ?"

இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை நந்தியாவட்டைதான் வைத்துக் கட்டினேன். பிள்ளையாரிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டேன். உங்களிடம் இப்போது கேட்கிறேன். கோபம் ஆறியதும் அவளோடு கதையுங்கோ.

நான் தனிய இருப்பேன் என்று யோசிக்க வேண்டாம். ஒரு சுண்டு அரிசி போட்ட பானையில் அரைச் சுண்டு போடப் பழகிக்கொள்வேன்.

உங்கள் பதிலுக்குப் பயந்தபடி,
உங்கள் மனைவி