கபடிக்கு முன் இரண்டு டின்

ஞாயிறு இரவு

திருப்புலிவனத்தில் இன்று கபடி ஆடப்போன என் வீட்டுக்காரர் நடுமைதானத்தில் மயங்கி விழுந்தார். நாற்பது வயதுக்கு மேல் ஆடப்போனதுகூடப் பரவாயில்லை. அதற்கு முன் இரண்டு டின் எனர்ஜி டிரிங்க் குடித்திருக்கிறார். விளம்பரத்தில் அவருடைய ஹீரோ அதைக் குடித்துவிட்டுத்தான் மலையிலிருந்து குதிக்கிறாராம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல மேடம், ஜூஸ்தான்" என்றார். நான்தான் உண்மையைச் சொன்னேன். "இனிமே அதைத் தொடவே கூடாது" என்று திட்டி அனுப்பினார்கள்.

சாயங்காலம் டீம் ஆட்கள் அவரைப் பார்க்க வந்தார்கள். கையில் பழம் இல்லை, அதே டின்! "குடிண்ணா, தெம்பு வரும்" என்கிறான் ஒருவன். அவர்கள் கண்ணெதிரிலேயே எல்லாவற்றையும் சாக்கடையில் ஊற்றினேன்.

"ஆசையா வாங்கிக்கினு வந்தானுங்க, ஏன்டி பேஜார் பண்ற?" என்று கோபித்தார். அவர்கள் போன பிறகு, "இன்னா, பயந்துட்டியா?" என்று சிரிப்பு வேறு.

கல்யாணமானதிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. இன்று மைதானத்தில் அத்தனை பேர் முன்னாலும் அதைச் சொல்லிக் கத்தினேன். அவருக்குத்தான் கேட்கவில்லை.