யாருடைய ஆசை இது

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். பக்கத்துக் கடையில் மலையிலிருந்து வந்த கடுக்காய் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை வந்ததும் சட்டென்று திரும்பிவிட்டேன். உன் காலேஜ் பை எப்போதும் இப்படித்தான் மணக்கும். நீ இல்லை என்பது திரும்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. எனக்கு இரண்டு இடத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று ஜெர்மனியில்: உயரமான கட்டடங்கள், பாலங்கள் பற்றிய படிப்பு. இன்னொன்று வடக்கே, இமயமலை அடிவாரத்தில்: மலைச்சரிவில் மண் எப்படி நிற்கிறது, எப்போது சரிகிறது என்று படிப்பது. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கேன்டீனில் பஜ்ஜியா வடையா என்று நான் முழித்துக்கொண்டு நிற்கும்போது, "அவளுக்கும் பஜ்ஜிதாங்க" என்று சொல்லி முடித்துவிடுவாயே, அந்த ஆள் இப்போது எனக்கு வேண்டியிருந்தது.

அப்பா கரும்பு வெட்டிவிட்டு வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"ஜெர்மனின்னா துபாய்க்கு அந்தாண்டயாம்மா?"

"ரொம்ப அந்தாண்டப்பா."

"இன்னொன்னு?"

"அது நம்ப நாடுதான். குளுருதான் ஜாஸ்தி."

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். "எங்களுக்கு இன்னாம்மா தெரியும். உன் சிநேகிதப் பொண்ணு இருந்திருந்தா கரெக்ட்டா சொல்லியிருக்கும்" என்றார். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

இரண்டாம் வருஷம் ஐப்பசியில் உன் ஊருக்கு முதல்முறையாகக் கூட்டிப்போனாய், நினைவிருக்கிறதா? கச்சிராயபாளையம் தாண்டி மலையேறும்போது மண் சரிந்து ரோடு அடைத்துக் கிடந்தது. பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் சலித்துக்கொண்டார்கள். நீ இறங்கிப்போய் அந்தச் சிவப்புச் சேற்றை ஒரு கை அள்ளிப் பிசைந்து பார்த்தாய். "இவ்ளோ நாளா நின்ன மண்ணு இன்னிக்கு ஏன்டி நிக்கல?" என்றாய். என் துப்பட்டாவிலேயே கையைத் துடைத்துவிட்டுச் சிரித்தாய்.

அந்தக் கேள்வி என்னோடு வந்துவிட்டது. மறுவாரம் லைப்ரரியில் மண் பற்றிய புத்தகத்தைத் தேடி எடுத்தேன். படித்ததையெல்லாம் ஹாஸ்டலில் உன்னிடம் ஒப்பித்தேன். நீயும் கேட்டுக்கொண்டிருப்பாய். இவள் இதைத்தான் படிக்கப் போகிறாள், படித்துவிட்டுத் தன் மலைக்கே திரும்பி வரப் போகிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கடைசி வருஷம் உனக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்தபோது உனக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அந்த வாரமே போய்விட்டாய்.

அதனால்தான் இரண்டு இடத்துக்கு எழுதிப் போட்டேன். ஜெர்மனி என் ஆசை. வடக்கே இருப்பது உன் ஆசை. உன்னுடையதை விட்டுப் போனால் உன்னையே விட்டுப் போவதுபோல் இருந்தது. அதை எடுத்தாலோ, வாழ்நாள் முழுக்க உன் வாழ்க்கையை நான் வாழ்ந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. குழம்பிக் குழம்பி, ஞாயிற்றுக்கிழமை உன் ஊருக்குப் போகும் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

உன் அண்ணன் வாசலில் பிக்கப் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். உன் அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முறத்தை வைத்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். தண்ணீர் குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மண் படிக்க வேண்டும் என்பது உன் ஆசை, அதை நான் செய்யட்டுமா என்று கேட்டேன்.

அண்ணன் கையிலிருந்த துணியைப் பிழியாமல் என்னையே பார்த்தார்.

"அவளா? மண்ணு படிக்கணும்னா சொன்னுச்சு? யாரும்மா சொன்னது உனுக்கு?"

"அவதாங்ணா. இந்த ரோட்டுக்காக..."

"அவளுக்கு இந்த மலையே ஆவாதும்மா. கடலாண்ட எங்கனா வேலைக்குப் போவணும், லிஃப்டு வெச்ச வூட்ல இருக்கணும்னு சொல்லிகினே கெடக்கும்."

"பஸ் ஏறுனாவே வாந்தி எடுக்கும்," என்றார் உன் அம்மா. "இந்த ரோட்ட எவன் போட்டான்னு திட்டிகினே வரும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஹாஸ்டலில் நான் பேசப்பேச நீ கேட்டுக்கொண்டிருந்ததை எப்படி எடுத்துக்கொள்வது?

"மண்ணு மண்ணுன்னு பேசறது நீதான்னு சொல்லும்," என்றார் அண்ணன். "சரிஞ்ச எடத்தப் பாத்தா அவ வூட்டுக்கே வரமாட்டா அண்ணா, அங்கியே குந்திக்குவா அப்டின்னு சொல்லிச் சிரிக்கும்."

உன் அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இறங்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து உன்மேல் கோபப்பட்டேன். இரண்டு வருஷமாக நான் பேசிக்கொண்டிருந்தது யாரிடம்? கடல் பார்க்கும் ஆசையை ஏன் என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை? சொல்ல நான்தான் இடம் கொடுக்கவில்லையா? ஒரு வளைவில் பஸ் மெதுவாகத் திரும்பியது. சரிவைத் தாங்கப் புதிதாகச் சுவர் கட்டியிருந்தார்கள். மழைத்தண்ணீர் வெளியேற விட்ட துளைகள் மண்ணடைத்துக் கிடந்தன. இந்த மழைக்கு உள்ளே தண்ணீர் தேங்கினால் சுவர் தாங்காதே என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "இன்னாம்மா, எதுனா வுழுந்துடுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அப்போதுதான் உறைத்தது: இது உன் ஆசை இல்லை என்று தெரிந்த பிறகும் அது என்னைவிட்டு இறங்கவில்லை.

வடக்கே வருகிறேன் என்று புதன்கிழமை எழுதிவிட்டேன். ஜெர்மனிக்கு வரவில்லை என்பதை மூன்று முறை அழித்து எழுதினேன். அனுப்பிய பிறகும் நிம்மதி வந்துவிடவில்லை. கட்டடங்களை அண்ணாந்து பார்க்கும்போது தப்பு செய்துவிட்டேனோ என்று இப்போதும் தோன்றுகிறது. கேட்கலாம் என்றால் நீ இல்லை.

உன்னை எனக்கு முழுதாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். பாதிகூடத் தெரிந்திருக்கவில்லை. நீயோ, எனக்கே தெரியாத என்னைப் பார்த்துவிட்டு, மலையில் போய் உன் அண்ணனிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாய். அந்தச் சிரிப்பை நான் நேரில் கேட்கவில்லை. ஆனாலும் போகிற இடத்துக்கெல்லாம் அதைத்தான் எடுத்துப்போகிறேன்.