மாதிரிக்குப் போட்ட பெயர்

டத்தோ கிராமாட், பினாங்கு
12.7.1999

அன்பு மகள் அருந்ததிக்கு அப்பா எழுதுவது. தண்ணீர்மலை முருகன் அருளால் நீ மெல்போர்னில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று அடுத்த வரி எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்த முறை அதை எழுதக் கை வரவில்லை.

பிறருடைய இணையப் பக்கங்களை யாரும் கேட்காமலே நீயாக மாற்றிச் செய்து பார்ப்பது நல்ல பயிற்சி, வேலை தேடும்போது காட்டலாம் என்று எழுதியிருந்தாய். முப்பது வருஷம் துறைமுக அலுவலகத்தில் தட்டச்சு செய்தவன் நான், யாரும் கேட்காத கடிதம் ஒன்றுகூட அடித்ததில்லை. போகட்டும், விமானக் கம்பெனி, வங்கி என்று செய்தாய், யாருக்கும் நஷ்டமில்லை. இங்குள்ள நம் தமிழர் சங்கத்தின் பக்கத்தையும் செய்து, பாருங்கள் என்று செயலாளர் தியாகராஜாவுக்கு அனுப்பினாயே, அதுதான் வினையாகிவிட்டது. அதில் மரண அறிவித்தல் எப்படி இருக்கும் என்று காட்ட உனக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது, கைக்கு வந்தது உன் அம்மாவின் பெயர். கமலாம்பிகை சிவகுருநாதன் காலமானார் என்று கறுப்புக் கரை கட்டி, உறவுமுறை எல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறாய். பயிற்சிக்கு மட்டும் என்பதைக் கடைசியில் பொடி எழுத்தில் வைத்தாய். தியாகராஜா முதல் தாளை மட்டும் அச்செடுத்துச் சங்கத்துப் பலகையில் குத்திவிட்டு, துக்க வீட்டைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நம்மை விட்டுவிட்டு மற்ற எல்லாருக்கும் போன் செய்துவிட்டார்.

சனிக்கிழமை காலை புக்கிட் மெர்தாஜாமிலிருந்து அம்மாவின் அண்ணன் விநாசித்தம்பி மாமா வெள்ளை வேட்டியும் மலர் வளையமுமாக வந்து நின்றார். கதவைத் திறந்தது அம்மாதான். நான்தான் லா அண்ணே, உள்ள வாங்க, கோப்பி குடிங்க என்றாள். அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். பத்து மணிக்குள் வாசலில் ஏழு கெரெத்தா நின்றது, இன்னொரு கார் நிறுத்த இடமில்லை. பக்கத்து வீட்டு சலேஹா ஒன்றும் கேட்காமல் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டாள். விஷயம் தெரிந்ததும் எல்லாரும் சிரித்தார்கள், தியாகராஜாவைப் படாத பாடு படுத்தினார்கள். நான் சிரிக்கவில்லை. நான் சிரிக்காததை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மகளே, ஏப்ரல் மாதமே ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது, அறுக்க முடியாதாம். தீபாவளி வரைக்கும் இருப்பாள் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். உனக்குப் பரீட்சை, அப்புறம் வேலை தேடுகிற நேரம் என்று நாங்கள் இருவரும் பேசிவைத்து மறைத்தோம். மூன்று கடிதத்தில் அம்மா சுகம் என்று எழுதினேன். நீ தெரியாமல் பொய் எழுதினாய், நான் தெரிந்தே எழுதினேன், ஆகவே உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. போனில் சொல்லலாம் என்று இரண்டு முறை எடுத்து வைத்துவிட்டேன், உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன்.

எல்லாரும் போன பிறகு அம்மா அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக் கண்ணாடி போட்டு வாசித்தாள். கோபமே இல்லை. பிள்ளை வடிவாகத்தான் செய்திருக்கிறாள், இதையே வைத்துக்கொள்ளுங்கள், திரும்பச் செய்யச் சொல்லி அவளைப் படுத்த வேண்டாம் என்றாள். பிறகு பென்சில் கேட்டாள்.

நீ மனம் உடைந்து உன்னையே திட்டிக்கொள்ளாதே. சங்கத்துப் பலகையிலிருந்து எடுத்தாயிற்று, நீயும் அந்தப் பக்கத்தை அழித்துவிடு. வேளைக்குச் சாப்பிடு. வரும்போது ஒன்றும் வாங்கி வராதே. அம்மா திருத்திய தாளை இதோடு வைத்திருக்கிறேன். நம் வழக்கப்படி பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் அவள் இருக்கும் ஊரைப் போட்டிருந்தாய், அருந்ததி, மெல்போர்ன் என்று. அம்மா மெல்போர்னை அடித்துவிட்டுப் பினாங்கு என்று எழுதியிருக்கிறாள்.

முருகன் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சிவகுருநாதன்