அக்குளில் உரசிய தையல்

12 ஜூலை 2006, புதன்

எங்கள் கம்பெனியில் ஓடுகிறவர்களுக்காகத் தைத்த டி-சர்ட் அக்குளில் உரசுகிறது என்று சரக்கு வாங்கும் பையர் சொன்னதை நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. செக்கிங்கில் ஓகே போட்டது நான்தானே! மானேஜர் சண்முகம் என்னோடு வாதாடவில்லை. நெடுந்தூரம் ஓடிப் பழகியவர். இன்று விடியலில் அதே சட்டையோடு அவிநாசி வரை ஓடிவிட்டு வந்தார். அக்குளில் ரத்தம்.

"பத்து கிலோமீட்டர் வரைக்கும் நீங்க சொன்னதுதான் சரின்னு நெனச்சனுங்க. அப்புறம் அறுத்துருச்சு," என்று சிரித்தார்.

டெய்லர்களிடம், "தப்பு என்னுதுங்க. மொதல்லயே ஓடிப் பாத்திருக்கோணும்," என்றார். என் பெயரை எடுக்கவேயில்லை. தைத்த சட்டைகளை எல்லாம் திரும்பத் தைக்க, தையல் பிரிக்க அவரும் உட்கார்ந்தார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

எட்டு வருஷமாக ஓகே போடுகிறேன். ஒரு சட்டையைக்கூட நான் போட்டுப் பார்த்ததில்லை.