இரண்டு ஜோடி சாக்ஸ்

அன்புள்ள உங்களுக்கு, வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரை போடுகிறீர்களா, சாக்குச் சொல்கிறீர்களா? போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன், மாப்பிள்ளை இதைப் படம் பிடித்து அனுப்புவார்.

பேத்தி பிறந்த அன்றிலிருந்து அவள் பால் குடிக்கும் நேரத்தையெல்லாம் நோட்டில் குறித்து வந்தேன். "அம்மா, இதுக்கும் கணக்கா?" என்று உங்கள் மகள் சிரித்தாள். நாலாம் நாள்வரை பத்து நிமிடத்தில் குடித்தவள், பிறகு நாற்பது நிமிடம் எடுத்தாள். நெற்றி வியர்த்தது, கால் மட்டும் சில்லென்று இருந்தது. குளிர்தான் என்று நினைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுவிட்டேன்.

குழந்தையின் எடை பார்க்க வீட்டுக்கு வந்த நர்ஸ் சாக்ஸைக் கழற்றி, கையிலும் காலிலும் சிவப்பு விளக்கு எரியும் பட்டை ஒன்றை மாட்டிப் பார்த்தாள். இரத்தத்தில் ஆக்ஸிஜன் கையில் தொண்ணூற்றேழு, காலில் எண்பத்தெட்டு; இவ்வளவு வித்தியாசம் இருக்கக் கூடாதாம். உடனே ஆஸ்பத்திரி. இதயத்திலிருந்து கீழே இரத்தம் போகும் குழாய் பிறவியிலேயே ஓரிடத்தில் குறுகியிருக்கிறதாம்.

"நீங்க சாக்ஸ் போட்டதால ஒண்ணும் வரலம்மா. எப்ப ஆரம்பிச்சதுன்னு உங்க நோட்டப் பாத்துதான் தெரிஞ்சுது" என்றார் டாக்டர். சரிசெய்துவிடலாமாம். பயப்படாதீர்கள்.

மூன்று நாளாக நாற்காலியில்தான் தூக்கம். இங்கே "சாப்பிட்டாயா" என்று என்னைக் கேட்க ஆளில்லை. நீங்களாவது வேளைக்குச் சாப்பிடுங்கள்.

நர்ஸ் கூப்பிடுகிறாள். செவ்வாய் காலை பத்து மணிக்கு ஆபரேஷன். அந்நேரம் சாமி அறையில் விளக்கேற்றுங்கள். நீங்கள் உள்ளே நுழையாதவர் என்று தெரியும். திரி மேல்தட்டு டப்பாவில் இருக்கிறது. கும்பிட வேண்டாம், அணையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உங்கள் மனைவி