கத்துகிற சைக்கிள் சீட்டு

ஐப்பசி 6, புதன்

விடியலில் தூறல். வெளியில் சொல்ல வெட்கம், அதனால் இங்கே. சைக்கிள் சீட்டு கிறீச் கிறீச் என்று கத்துகிறதே என்று, தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெயை நேற்று அதன் தலையில் ஊற்றினேன். காலையில் துடைக்காமல் ஏறிவிட்டேன். கேன்டீன் சேலை வெளிர் நீலம். பின்பக்கம் இரண்டு பெரிய வட்டம். அப்படியே குனிந்து நிமிர்ந்து கம்பெனிப் பசங்களுக்கெல்லாம் இட்லி போட்டிருக்கிறேன். கூட வேலை செய்யும் சரோஜா எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னாள்.

"ஏன்டி, முன்னாடியே சொல்லக் கூடாது?"

"அல்லாரும் சந்தோஷமா துன்னுகினு இருந்தாங்கோ. எதுக்குக் கெடுக்கணும்?"

எனக்கு நன்றாக வேண்டும். அவளை நான் பண்ணாத கிண்டலா.

சத்தம் போகவில்லை. சீட்டில் எறும்பு.

7, வியாழன்

வெயில். பக்கத்து ரூமில் குடியிருக்கும் மாரி, தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், கார் சீட்டு செய்யும் கம்பெனியில் வேலை. இந்த மாதம் முழுக்க நைட் ஷிப்ட், பகலெல்லாம் ரூமில்தான். கிணற்றடியில் மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, தப்பா நெனைக்காதிய. ஒங்க சீட்டு சத்தம் தெருமுக்குல கேட்டதும் ஒங்க வீட்டு அண்ணாச்சி பீடிய அணைச்சு கூரை ஓட்டுக்குள்ள சொருகிட்டு, சாமியார் மாதிரி உக்காந்துக்கிடுதாவ."

பீடியைத் தொட்டால் நெஞ்சு தாங்காது, இனி என்னிடம் வராதே என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். எங்க வீட்டுக்காரர் விட்டுவிட்டார் என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டிருக்கிறேன் நான். தினமும் சீட்டால் மணி அடித்து அவரை உஷார் பண்ணிவிட்டதும் நானே.

ஓட்டில் கை விட்டுப் பார்த்தேன். துண்டு துண்டாகப் பீடி இருந்தது. கேட்கவில்லை. கேட்டால் மகள் மேல் சத்தியம் செய்வார், அவள் காஞ்சிபுரத்தில் வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள்.

முதலில் சத்தத்தை நிறுத்த வேண்டும். பிறகு கையும் பீடியுமாகப் பிடிக்க வேண்டும்.

8, வெள்ளி

சைக்கிள் கடை பாய் நட்டைத் திருகினார், ஸ்பிரிங்கைத் தட்டினார், கிரீஸ் வைத்தார்.

"சீட்டு மேல தப்பே இல்லக்கா. நீ ஏறினா லாரியே கத்தும்."

"உன் தங்கச்சி கல்யாணத்துல துன்ன பிரியாணி பாய். இன்னும் எறங்கல."

வல்லம் ரோடு வரை ஒரு சத்தம் இல்லை. பாட்டுகூடப் பாடினேன். தெருமுனை திரும்பியதும் கிறீச்.

கட்டிலில் சாமியார். "இன்னா மே, இன்னிக்கு சீக்கிரம் வந்துட்ட?" வாயெல்லாம் சோம்பு வாசனை.

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, அவர் இருமல் மருந்து, சோடா உப்பு. சோம்பு வேண்டாம்.

10, ஞாயிறு

மேகம். மாரிக்கு லீவு.

"எங்க லைன்ல சீட்டு லேசா முனங்குனாலே ரிஜெக்டு போட்டுருவாவக்கா. இதெல்லாம் ஒரு வேலையா?"

பேப்பர் விரித்து எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பினான். மாட்டி முடித்ததும் கையில் ஒரு நட்டு மிச்சம்.

"இது எங்க உள்ளதுக்கா?"

"உன் மண்டையில உள்ளதா இருக்கும், தடவிப் பாரு."

ஏறும்போது கிறீச். இப்போது இறங்கும்போது கறக் வேறு. கட்டிலில் இருந்தபடி அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நிற்கவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். மாரி நட்டை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

11, திங்கள்

புது யோசனை. தெருமுனையில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன்.

"இன்னாக்கா, பஞ்சரா?"

"அக்கா, காத்து அடிக்கணுமா?"

"டேய், அக்கா வண்டி பஞ்சராம்டா!"

நல்ல தெரு. நல்ல ஜனம். வீட்டுக்குள் சாமியார்.

12, செவ்வாய்

நல்ல மழை. தெருவில் ஒருத்தர் இல்லை. நனைந்துகொண்டே தள்ளி வந்தேன், பூனை மாதிரி. பீடி இல்லை. தூங்குகிறார். பக்கத்தில் நின்றேன். மூச்சு இழுக்கும்போது கிறீச். விடும்போது கிறீச். என் சீட்டேதான். சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

இதற்கு எந்தப் பாயிடம் போவது.

எழுப்பாமல் சோறு வடித்தேன்.

13, புதன்

மழை விட்டுவிட்டது. அவருடைய பழைய வேட்டியைக் கிழித்து, தையல் மெஷின் எண்ணெயில் ஊறவைத்து, சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங்குக்கு ஸ்பிரிங் அடைத்துக் கட்டினேன். ஏறி உட்கார்ந்து குதித்தேன். ஊமை.

மாரி: "அக்கா, எங்க கம்பெனில சேந்துருங்க."

14, வியாழன்

வெயில். காலையில் கம்பெனி கேட் வாட்ச்மேன், "இன்னாக்கா, வண்டி மாத்திட்டியா?"

சாயங்காலம் வாசல் வரை மிதித்தே வந்தேன். சைக்கிளை ஜன்னல் ஓரம் சாய்த்துவிட்டு உள்ளே போனேன். கையில் பீடி. எரிகிறது. என்னைப் பார்த்தார். திருட்டுப் பிள்ளை முகம்.

"சத்தமே காணோமே மே..."

வழியெல்லாம் சேர்த்துவைத்த பேச்சு எவ்வளவு. நறுக்கென்று நாலு, அழ வைக்க நாலு. நீ போனால் நான் யாரைக் கிண்டல் பண்ணுவேன் என்று மட்டும் கேட்கத் தோன்றியது. டீ போடப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பின்னாலேயே வந்தார். வெறும் கை.

"தூக்கிக் கடாசிட்டேன் மே. நெசமா. இத்தோட சரி."

"பொண்ணு மேல சத்தியம் பண்ணாத."

"பண்ணல."

சத்தியம் செய்யாமல் அவர் சொல்வது இதுதான் முதல் தடவை. நம்பினேன். சர்க்கரை ஒரு ஸ்பூன் கூடப் போட்டேன்.

டீயை ஆற்றும்போது வெளியில் மாரி.

"அக்கோவ்! ஒங்க சைக்கிளு பீடி குடிக்கு!"

அப்புறம் குடிக்கலாம் என்று ஜன்னல் வழியாகக் கையை விட்டு, சரியாக அணையாத பீடியைச் சீட்டுக்கு அடியில் சொருகியிருக்கிறார். எண்ணெய்த் துணி பற்றிக்கொண்டது. இரண்டு குடம் தண்ணீர் செலவு. சீட்டில் மிச்சம் நாலு ஸ்பிரிங். டீ ஆறிவிட்டது. நாளைக்குக் காலை ஷிப்ட், நின்றுகொண்டே மிதிக்க வேண்டும். சத்தம் இல்லை.