கீழே இறங்காத காற்று

அன்பு யுவேச்சின்,

நீ சுகம்தானே? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன், ஏப்பம் ஒன்றைத் தவிர.

சாப்பிட உட்கார்ந்தாலே ஏப்பம் வருகிறது என்று நேற்று தொழிற்சாலைக்கு எதிரே இருக்கும் ஔயாங் வைத்தியரிடம் போனேன். நாக்கை நீட்டியதும் மனிதர் பதறிவிட்டார். "என்னய்யா, நாக்கு நாவல்பழம் மாதிரி இருக்கு?" வழியில் சிவப்பு டிராகன் பழம் தின்றதைச் சொன்னேன். "வைத்தியர்கிட்ட வர்றவன் நாக்குல சாயம் பூசிக்கிட்டா வருவான்?" என்று திட்டிவிட்டு நாடி பிடித்தார்.

பிடித்தவர் முகம் மாறியது. "கல்லீரல்ல கோபம் கட்டிக் கிடக்கு. அது வயித்தைப் போட்டு அழுத்துது. கீழ இறங்க வேண்டிய காத்து மேல ஏறுது. எந்தச் சாப்பாட்டுல கோபத்தை முழுங்கினே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் யாரிடமும் சொன்னதில்லையே! புத்தாண்டுக்கு ஊர் வந்தபோது, விருந்தில் நம் மகள் தௌதௌ என்னைக் காட்டி, "இந்த மாமா எப்பம்மா அவங்க வீட்டுக்குப் போவாங்க?" என்று உன்னிடம் கேட்டாள். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துக்கொண்டே வாயிலிருந்ததை விழுங்கினேன். அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்த ஏப்பம். மூன்று வயதுப் பிள்ளை மேல் யாராவது கோபப்படுவார்களா?

நீ கவலைப்படாதே. காய்ந்த ஆரஞ்சுத் தோலைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார். இங்கேயும் கிடைக்கும்தான். ஆனாலும் நம் வீட்டுத் தோலையே அனுப்பு. தௌதௌ கையால் பையில் போடச் சொல். யாருக்கு என்று கேட்டால், அந்த மாமாவுக்கு என்றே சொல். அப்போதுதான் போடுவாள்.

தொழிற்சாலைச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

போஷெங்